அம்புக்குறி போட்ட கேசட்டுகள்

பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கையில் கொடுத்த முதல் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 90 நிமிட மேக்ஸெல். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்துச் செருகிய அட்டையில், நீல மையில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. முதுகில் ஒரு தேதியும் ஓர் ஊர்ப் பெயரும் மட்டும். பாடியவர் யார் என்று இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. உள்ளே பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. சில பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி. வேறு சிலவற்றுக்கு நடுவே சின்னதாக ஓர் அம்புக்குறி.

"இந்த அம்பு எதற்கு?" என்று கேட்டேன்.

"அந்த இடத்தில் அவர்கள் நிறுத்தவில்லை. வாசித்துக்கொண்டே அடுத்த பாட்டுக்குள் போய்விட்டார்கள். எங்களுக்கு அந்த அம்புதான் முக்கியம்."

கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழுவைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், டி-ஷர்ட்டுகளில் பார்த்த மண்டையோடும் ரோஜாப்பூவும்தான். கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸுக்குக் குடிவந்த புதிது. எதிர்ப்படும் ஒவ்வொரு மூன்றாவது வண்டியின் பின்கண்ணாடியிலும் அந்தக் குழுவின் ஸ்டிக்கர் இருக்கும். அது 1995இலேயே முடிந்துபோன குழு என்பது பிறகுதான் தெரிந்தது. முடிந்துபோன ஒன்றை இத்தனை பேர் ஏன் இன்னும் வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்ற கேள்வி அப்போதே மனத்தில் விழுந்துவிட்டது.

பெரியவரோடு பழக்கம் ஏற்பட்டது ஒரு கடத்தால். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு, அம்மாவின் ஊர் மானாமதுரை என்றேன். ஊர்ப் பெயர் அவருக்குப் பிடிபடவில்லை. மண்பானைகளுக்கும் கடத்துக்கும் பேர்போன ஊர் என்று சொன்னதும் முகம் மாறியது. "கடமா? விக்கு விநாயக்ராம் வாசிப்பாரே, அதுவா?" என்றவர் உள்ளே போய் ஒரு குறுந்தகட்டோடு திரும்பி வந்தார். 'பிளானட் டிரம்', 1991. கிரேட்ஃபுல் டெட்டின் இரண்டு டிரம் வாத்தியக்காரர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தாளக் கலைஞர்களைச் சேர்த்துச் செய்த இசைத் தொகுப்பு அது. ஜாகிர் ஹுசைனின் தபலாவும் நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுஞ்சியின் மேளமும் அதில் உண்டு. நம் விக்கு விநாயக்ராமின் கடமும் உண்டு. உலக இசைக்கென்று கிராமி விருதில் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியபோது முதல் விருது இதற்குத்தான் கிடைத்தது. மிக்கி ஹார்ட் அறுபதுகளிலேயே ஜாகிரின் தந்தை அல்லா ரக்காவிடம் தாளக் கணக்கைக் கேட்டுக் கற்றவர் என்பதையும் வேலியோரத்தில் நின்றபடியே பெரியவர் சொல்லி முடித்தார். எங்கள் மண்ணில் சுட்ட பானைக்கும் அந்த மண்டையோட்டு ஸ்டிக்கருக்கும் நடுவே ஒரு வழி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் ஓய்வுபெற்ற தச்சர். விரல் மூட்டுகள் வீங்கி, கேசட்டை உறையிலிருந்து எடுப்பதே சிரமமாகிவிட்டது. கார் ஷெட்டில் பதினோரு அட்டைப்பெட்டிகள் நிறைய கேசட்டுகள். "எனக்குப் பிறகு இதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றித் தர முடியுமா?" என்று கேட்டார். அடுத்த ஒன்றரை வருடம் என் சனிக்கிழமைக் காலைகள் அந்த ஷெட்டில் கழிந்தன. கேசட்டிலிருந்து பதிவெடுப்பதில் குறுக்குவழி கிடையாது. 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடமும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதனால் நான் கேட்டேன். கேட்டுக் கேட்டுத்தான் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

1965இல் பாலோ ஆல்டோ பக்கத்தில் ஐந்து இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஜெர்ரி கார்சியா, பாப் வெயர் இருவரும் கிடார். ஃபில் லெஷ் பேஸ் கிடார். பில் க்ரூட்ஸ்மன் டிரம்ஸ். பிக்பென் என்று எல்லோரும் அழைத்த ரான் மெக்கெர்னன் ஆர்கனும் ஹார்மோனிகாவும் வாசித்துப் பாடினார். முதலில் வைத்துக்கொண்ட பெயர் வார்லாக்ஸ். அதே பெயரில் வேறொரு குழு இருப்பதாகத் தெரியவந்ததும், கார்சியா ஓர் அகராதியைப் பிரிக்க, கண்ணில் பட்ட சொற்கள் 'கிரேட்ஃபுல் டெட்'. பல நாடுகளில் வழங்கும் ஒரு பழங்கதையின் பெயர் அது. கடனை அடைக்காமல் செத்தவனின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கடன்காரர்கள் தடுத்து வைத்திருப்பார்கள். வழிப்போக்கன் ஒருவன் தன்னிடமிருந்த காசையெல்லாம் கொடுத்து அந்த உடலை மண்ணில் சேர்ப்பான். பிறகு அவனுக்கு ஆபத்து வரும்போதெல்லாம் முகம் தெரியாத துணைவன் ஒருவன் வந்து காப்பாற்றுவான். அந்தத் துணைவன் வேறு யாருமில்லை, நன்றி மறவாத அந்த இறந்தவன்தான். பெயர் வைத்தபோது அவர்கள் இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கையில், இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்காது என்றே எனக்குப் படுகிறது.

கார்சியாவின் வலது கை நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. நான்கு வயதில், அண்ணன் விறகு பிளக்கும்போது கோடரி பட்டுப் போனது. அந்தக் கையோடுதான் இந்தக் குழுவில் முப்பது வருடம் கிடார் வாசித்தார்.

1965 முதல் 1995 வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். எதுவும் இன்னொன்று போல இருக்காது. மேடையேறும்போது கையில் பாட்டுப் பட்டியல் இருக்காது. நேற்று வாசித்ததை இன்று வாசிப்பது அபூர்வம். மூன்று நாள் தொடர்ந்து ஓர் ஊரில் வாசித்தால் மூன்று நாளும் வேறு வேறு பாட்டுகள். ஆகவே மூன்று நாளும் போக வேண்டியிருந்தது. அங்கிருந்து அடுத்த ஊருக்கும் போக வேண்டியிருந்தது. நம் ஊரில் மனோதர்மம் என்கிறோமே, அதை அவர்கள் ஜாம் என்றார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஒருவர் முன்னே செல்ல மற்றவர்கள் துணைக்குப் போவது என்ற ஏற்பாடு அங்கே பெரும்பாலும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவார்கள். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968இல் தட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மறு ஆண்டு மேடையில் அதே பாட்டு 23 நிமிடம். பாட்டின் வரிகள் ஒரு தாளில் பாதிக்கு வராது. மிச்சம் முழுவதும் இருட்டில் கையை நீட்டித் தடவிப் பார்ப்பதுதான்.

எல்லா இரவும் கை எதையாவது தொட்டுவிடாது. இதை நான் மறைக்கப்போவதில்லை. பெட்டிகளில் இருந்தவற்றில் ஐந்தில் ஒன்றாவது சோர்வான கச்சேரி. சுருதி விலகும், வரி மறக்கும், இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே நிற்பார்கள். பெரியவர் அவற்றையும் தூக்கிப்போட விடவில்லை. "இந்த மாதிரி இரவுகள் இல்லாவிட்டால் அந்த மாதிரி இரவுகள் எங்கிருந்து வரும்?" என்றார். தவறக்கூடும் என்று தெரிந்தே கூடவே போவதுதான் அந்த ரசிகர்களின் நம்பிக்கை. மேடையில் இருப்பவர்கள் துணிந்து இறங்குகிறார்கள், நாம் கூட இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

ஓர் ஆல்பம்கூட அந்த நாள்களில் உச்சத்துக்குப் போகவில்லை. அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த ஒரே பாட்டு 'டச் ஆஃப் கிரே', அதுவும் 1987இல், குழு தொடங்கி இருபத்திரண்டு வருடம் கழித்து. அதற்கு முன்பே அரங்குகள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. வானொலியும் தட்டு விற்பனையும் செய்யாத காரியத்தைச் செய்தது இந்த கேசட்டுதான்.

மற்ற குழுக்கள் வாசலிலேயே சோதனை போட்டு ஒலிப்பதிவுக் கருவிகளைப் பிடுங்கிய காலம் அது. இவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். நாங்கள் வாசித்து முடித்துவிட்டோம், இனி அது உங்களுடையது என்பதே கார்சியாவின் எண்ணம். மைக் கம்புகள் பெருகி, ஒலியமைப்பு மேசைக்கு முன்னால் காடு போல நின்று மற்றவர்களின் பார்வையை மறைக்கத் தொடங்கியபோதும் தடை போடவில்லை. 1984 அக்டோபரில் பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில், பதிவு செய்பவர்களுக்கென்று மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. பதிவைக் காசுக்கு விற்கக் கூடாது.

அந்த ஒரு நிபந்தனையைச் சுற்றி ஒரு தர்மமே வளர்ந்தது. புதிதாக வருகிறவனிடம் மாற்றிக்கொள்ளக் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவன் வெற்றுக் கேசட்டையும் திருப்பி அனுப்புவதற்கான தபால்தலையையும் உறையில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்புவான். இரண்டு வாரத்தில் அது நிரம்பித் திரும்பி வரும். அப்படி வாங்கியவன் நாளைக்கு இன்னொருவனுக்குச் செய்தாக வேண்டும். ஒரு நல்ல பதிவு கிடைத்தால் அதைப் பரப்ப மரம் போல ஏற்பாடு செய்வார்கள். வேரில் ஒருவர், அவர் ஐந்து கிளைகளுக்கு எடுத்துக் கொடுப்பார், ஒவ்வொரு கிளையும் இன்னும் ஐந்து பேருக்கு. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும் என்பதால், இது எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதையும் அட்டையில் குறிப்பார்கள். பெரியவரிடம் இருந்த ஒரு கேசட்டில் பாட்டைவிட மழைபோன்ற இரைச்சலே அதிகம். ஏழெட்டுக் கைகளைத் தாண்டி வந்தது. அதை அவர் மிகுந்த மரியாதையோடு எடுத்துக் கொடுத்தார்.

இசையைக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் கேட்பவனிடமே விட்டுவிட்டால், அவன் சும்மா இருப்பானா? அந்தப் பக்தி இத்தனை காலம் நிற்பதற்கு இதுவே வேர் என்று நான் நினைக்கிறேன். கேட்டவர்கள் காவலர்களானார்கள். எந்த இரவில் எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வந்தது, எதற்கு நடுவே அம்புக்குறி, எந்தப் பாட்டு எத்தனை கச்சேரிக்குப் பிறகு திரும்பி வந்தது என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். பாட்டின் பெயரைச் சொல்லி "அது பிடிக்கும்" என்று அவர்கள் சொல்வதில்லை. தேதியைச் சொல்கிறார்கள்.

அப்படி எல்லோரும் சொல்லும் தேதி ஒன்று உண்டு. 1977 மே 8, நியூயார்க் மாநிலத்தின் இதாக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். மே மாதத்தில் அன்றிரவு வெளியே பனி பெய்தது. பெட்டி கேன்ட்டர்-ஜாக்சன் என்ற பெண்மணி ஒலியமைப்பு மேசையிலிருந்து அதைப் பதிவு செய்தார். பிற்பாடு அவருடைய வாழ்க்கையில் நெருக்கடி வந்தது. டேப்புகளை வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்ட முடியாமல் போக, 1986இல் அவை ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர்களிடமிருந்து ரசிகர்கள் கைக்கு வந்து, ஈரத்தில் கெட்டுப்போனவை சீர்செய்யப்பட்டு, பிரதி பிரதியாகப் பரவின. 2012இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்த ஒற்றை இரவின் பதிவை நாட்டின் ஒலிப்பதிவுப் பெட்டகத்தில் சேர்த்தது. அதிகாரபூர்வமாக அது வெளியானது 2017இல். நாற்பது வருடம் அதைக் காப்பாற்றிக் கொண்டுவந்தது ரசிகர்கள் பழகிய பிரதிகள்தான். அதில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' தொடங்கும் இடத்தை நான் பத்து முறையாவது கேட்டிருப்பேன். எந்த நொடியில் பாட்டு மாறியது என்று கைவைத்துச் சொல்ல முடிந்ததில்லை. ஆற்றில் நடந்துகொண்டே இருக்கிறோம், எப்போது கால் தரையைவிட்டது என்று தெரியாமல் நீந்திக்கொண்டிருக்கிறோம்.

ஆனாலும் என் தேதி அது இல்லை. என் தேதி 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்தின் வெனிட்டா. நொடித்துக்கொண்டிருந்த ஒரு பால்பண்ணைக்குப் பணம் திரட்டுவதற்காகத் திறந்தவெளியில் நடந்த கச்சேரி. பண்ணையின் தயிர் டப்பா லேபிளிலேயே டிக்கெட் அச்சடித்தார்கள். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதில் கிடார்களில் சுருதி நிற்கவில்லை. மாலை சாயும்போது அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் 'டார்க் ஸ்டார்'. அதில் ஓர் இடத்தில் எல்லாம் அடங்கி, ஃபில் லெஷின் பேஸ் மட்டும் மெல்ல நடந்துபோகும். மானாமதுரையில் சித்திரை மாதத்துப் பிற்பகலில், வைகை மணலில் சூடு இறங்கும் நேரத்தில் நடந்திருக்கிறேன். அந்த உள்ளங்கால் சூடு இந்தப் பதிவில் எனக்கு எப்படியோ கிடைத்துவிடுகிறது. அந்தப் பால்பண்ணை பிழைத்துக்கொண்டது, இன்றும் தயிர் விற்கிறது. எங்கள் ஊர்க் கடையில் அதை வாங்கும்போதெல்லாம் ஒரு நொடி லேபிளைப் பார்ப்பேன்.

கச்சேரி நடக்கும் அரங்குக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரு சந்தையே கூடுமாம். குழுவின் பாட்டு ஒன்றை வைத்து அதற்கு ஷேக்டவுன் ஸ்ட்ரீட் என்று பெயர். சுருட்டிக் கட்டிச் சாயம் தோய்த்த சட்டைகள், சுட்ட சீஸ் ரொட்டி, மணிமாலைகள். விற்று வந்த காசில் அடுத்த ஊருக்குப் பெட்ரோல். டிக்கெட் இல்லாதவர்கள் ஒற்றை விரலை உயர்த்தியபடி நடந்துகொண்டிருப்பார்கள். எனக்கு ஓர் அற்புதம் வேண்டும் என்று பொருள். யாராவது ஒருவர் சும்மா ஒரு டிக்கெட்டைக் கையில் வைத்துவிட்டுப் போவார். பெரியவருக்கு அப்படி இரண்டு முறை கிடைத்திருக்கிறது. நான்கு முறை கொடுத்திருக்கிறார். இந்தக் கணக்கை மட்டும் அவர் தப்பாமல் வைத்திருக்கிறார்.

அவர் சொன்னவற்றில் என்னை மிகவும் அசைத்தது காது கேளாதவர்களின் இடம். ஆம், காது கேளாத ரசிகர்கள். அவர்களுக்கென்று அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியிருந்தார்கள். சைகை மொழியில் வரிகளைச் சொல்ல ஒருவர் முன்னால் நிற்பார். ரசிகர்கள் ஊதிய பலூன்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். பேஸின் அதிர்வு பலூனின் தோலில் வந்து விரல்களுக்கு ஏறும். ஒருநாள் வீட்டில் பலூன் ஒன்றை ஊதி, ஸ்பீக்கருக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஃபில் லெஷ் கீழ்த்தந்தியைத் தொடும்போது, உள்ளே ஏதோ உயிருள்ள ஒன்று இருப்பதுபோல அது துடித்தது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பலூனுக்கு இன்னொரு கதையும் உண்டு. போதையிலிருந்து மீண்டவர்கள் இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய ஒரு மேசை அருகே கூடுவார்கள். வார்ஃப் ராட்ஸ் என்று பெயர். சுற்றிலும் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கூட்டத்தின் நடுவே, குடிக்காமல், எதையும் தொடாமல் அந்த இசையைக் கேட்க விரும்பியவர்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதிக்குத் திரும்புவார்கள்.

போதையைப் பேசாமல் இந்தக் குழுவைப் பேச முடியாது. எல்.எஸ்.டி. தடைசெய்யப்படுவதற்கு முன்பு நடந்த கூட்டங்களில் வாசித்து வளர்ந்தவர்கள் அவர்கள். பிறகு அதற்காகவே பல இளம் ரசிகர்கள் நீண்ட சிறைத் தண்டனை அனுபவித்தார்கள். பிக்பென் குடியால் உடல் கெட்டு 1973இல் இறந்தபோது வயது 27. கார்சியா ஹெராயினில் சிக்கினார். 1986 கோடையில் சர்க்கரை நோய் முற்றி நினைவிழந்து, நாள்கணக்கில் கண்விழிக்காமல் கிடந்தார். எழுந்தபோது கிடார் மறந்திருந்தது. ஒரு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டுகளை ஒவ்வொன்றாக மீட்டுக்கொடுக்க, டிசம்பரில் மேடைக்குத் திரும்பினார்.

திரும்பியிருக்கத்தான் வேண்டுமா? இதைப் பெரியவரிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அடுத்த ஆண்டே 'டச் ஆஃப் கிரே' வெற்றி பெற்றது, கூட்டம் பன்மடங்கானது, எத்தனையோ குடும்பங்களின் சம்பளம் அந்த ஒரு மனிதரின் ஒன்பதரை விரல்களில் தொங்கியது. 1995 ஜூலையில் இண்டியானாவின் டீர் கிரீக்கில் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைத்து உள்ளே பாய்ந்தது. கார்சியாவுக்குக் கொலை மிரட்டல் வேறு வந்திருந்தது. மறுநாள் கச்சேரியை ரத்து செய்தார்கள். இப்படியே போனால் எங்களால் வாசிக்க முடியாது என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். "நாங்கள் அவரை நேசித்தோம். நேசித்ததால் அவரை ஓய்வெடுக்க விடவில்லை. இரண்டும் உண்மை" என்றார் பெரியவர். அந்தப் பக்தியின் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை. ஒரு மனிதனை அளவுக்கு மீறி வேண்டுவதும் அவன் தோளில் ஏற்றும் சுமைதான்.

1995 ஆகஸ்ட் 9. மாரின் பகுதியில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில், உறக்கத்தில், மாரடைப்பு. 53 வயது. பெரியவர் அப்போது ஒரு வீட்டுக்கு ஜன்னல் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். வேனில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. சுத்தியலைக் கீழே வைத்தவர், வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வண்டியை விட்டிருக்கிறார். அறுபதுகளில் குழுவினர் சேர்ந்து வாழ்ந்த ஆஷ்பரி தெரு 710ஆம் எண் வீட்டு வாசலில் பூக்கள் குவிந்து கிடந்தன. நான்கு நாள் கழித்து கோல்டன் கேட் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி அழுதார்கள், ஆடினார்கள். ஜன்னல் வேலையை அடுத்த வாரம் போய் முடித்துக் கொடுத்தாராம். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வண்டியிலும் அந்த ஸ்டிக்கர் இருந்தது.

அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1997இல் சிகாகோவில் டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா என்ற குழு உருவாயிற்று. பழைய கச்சேரி ஒன்றின் தேதியை எடுத்துக்கொண்டு, அன்று வாசித்த வரிசையிலேயே முழுக் கச்சேரியையும் அவர்கள் புதிதாக வாசிப்பார்கள். வாசித்து முடித்த பிறகுதான் இது எந்தத் தேதி என்று சொல்வார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் மூன்றாவது பாட்டிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். குழுவின் டேப் கிடங்குக்குக் காவலராக இருந்த டிக் லட்வாலா, தீவிர ரசிகராக இருந்து அந்த வேலைக்கு வந்தவர். அவர் பொறுக்கியெடுத்த பழைய கச்சேரிகள் 1993 முதல் வெளிவந்தன. அவர் 1999இல் மறைந்த பிறகும் அந்த வரிசை அவர் பெயரிலேயே 36 தொகுப்புகள் வரை போயிற்று. 2005இல், இணையத்தில் சேமித்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான பதிவுகளை இறக்கிக்கொள்ள முடியாதபடி திடீரென்று நிறுத்தியபோது, ரசிகர்கள் தம் அன்புக்குரியவர்கள் மீதே சினந்து எழுந்தார்கள். அரங்கில் ரசிகர்களே பிடித்த பதிவுகள் சில நாளிலேயே திரும்பி வந்தன. எங்களுடையது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்ற உரிமைக் குரல் அது. நான் அவர்கள் பக்கம்தான்.

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் மெக்ஹென்றி நூலகத்துக்குக் குழுவினர் தம் காகிதங்களையெல்லாம் கொடுத்துவிட்டார்கள். 2012இல் அது பொதுமக்களுக்குத் திறந்தது. பெரியவரோடு ஒருநாள் போனேன். கண்ணாடிப் பேழைக்குள் தபால் உறைகள். 1983 முதல் டிக்கெட்டுகளைக் குழுவே தபாலில் விற்றது. விண்ணப்ப உறை கண்ணில் பட வேண்டும் என்று ரசிகர்கள் அதில் படம் வரைந்து அனுப்பினார்கள். ஓர் உறை முழுவதும் ரோஜா, ஒவ்வோர் இதழுக்கும் நிழல் தீட்டியது. இன்னொன்றில் எலும்புக்கூடு ஒன்று முகவரியைத் தோளில் சுமந்து வருகிறது. ஒரு டிக்கெட்டுக்காக யாரோ சமையலறை மேசையில் இரண்டு இரவு உட்கார்ந்திருப்பார்கள். உறையைக் கிழிக்கப்போகும் ஒரு குமாஸ்தாவைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே வரைந்தது. அந்தக் குமாஸ்தாக்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

கார்சியா பிறந்தது ஆகஸ்ட் 1, இறந்தது ஆகஸ்ட் 9. நடுவிலுள்ள நாள்களை ரசிகர்கள் 'இடைப்பட்ட நாள்கள்' என்று ஒரு பாட்டின் பெயராலேயே அழைக்கிறார்கள். அந்த நாள்களையொட்டி சான் ஃபிரான்சிஸ்கோவில், அவர் சிறுவயதில் வளர்ந்த பகுதிக்குப் பக்கத்திலுள்ள மெக்லாரன் பூங்காவில், அவர் பெயர் தாங்கிய திறந்தவெளி அரங்கில் விழா நடக்கும். நுழைவு இலவசம். ஒரு வருடம் நாங்கள் போயிருந்தோம். மூடுபனியும் யூகலிப்டஸ் வாசனையும். எனக்கு முன்வரிசையில் இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் கண்ணை மூடிச் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டிருந்தாள். கார்சியா இறந்து எத்தனையோ வருடம் கழித்துப் பிறந்தவள். இடைவேளையில் பெரியவர் பேச்சுக் கொடுத்தபோது அவள் சொன்ன முதல் வார்த்தையே ஒரு தேதிதான். 1973ஆம் வருடத்துத் தேதி. இவர் பதிலுக்கு ஒரு தேதி சொன்னார். அதற்குமேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

பதினோராவது பெட்டியைக் கடைசியில்தான் அவர் எடுத்துத் தந்தார். அவரே பிடித்த பதிவுகள் அதில் இருந்தன. பெர்க்லியின் கிரீக் தியேட்டர், 1980களின் நடுப்பகுதி. தேதியை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த இரவுக்கு அந்த இடத்தில் கம்பு நட்டவர்கள் கைவிரல் எண்ணிக்கைதான், பார்த்தவுடன் ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்றார்.

கேசட்டைப் போட்டேன். முதலில் காற்று. கூட்டத்தின் இரைச்சல். பிறகு மைக்குக்கு மிக அருகே, மெல்லிய குரலில், ஓர் இளைஞன் தேதியையும் ஊரையும் சொன்னான். பெட்டிகள் மாறிப்போனாலும் அடையாளம் தெரிய வேண்டுமென்று பதிவு செய்பவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. முப்பது வயதுக் குரல். ஷெட்டில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' பாட்டோடு தொடங்கியது. ஏழு எண்ணிக்கைத் தாளம். முதல் சுற்றிலேயே என் கை தொடையில் மிசுர சாபு போடத் தொடங்கிவிட்டது. பெரியவருடைய வீங்கிய விரல்களும் நாற்காலியின் கைப்பிடியில் அதே ஏழைத் தட்டின. பாப் வெயர் கத்தி முடித்தார், கார்சியாவின் கிடார் மேலே ஏறத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டின் கரை மறைந்தது. அட்டையில் அந்த இடத்தில் அம்புக்குறி இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே கடக் என்று ஒரு சத்தம். கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது. அன்றைக்கும் அப்படித்தான் தீர்ந்திருக்கும். இருட்டில் கேசட்டைத் திருப்பிப் போட்டிருப்பார். அந்தச் சில நொடிகள் இந்தப் பதிவில் இல்லை.

நான் எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பினேன். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பதிவில் இல்லாத அந்தத் துண்டை மூக்கால் முனகியபடி தட்டிக்கொண்டே இருந்தார். பொத்தானை அழுத்தினேன். இரைச்சல் வந்தது. கிடார் வந்தது. ஏழின் முதல் அடி அவர் விரலுக்கு அடியில் வந்து விழுந்தது.